ஏழாம் அத்தியாயம்: கனவைச் சொல்ல ஓர் ஆள்

அமாவாசை அன்று சாயங்காலம் செஞ்சி பேருந்து நிலையத்தில் மேல்மலையனூர் பேருந்துக்கு நிற்கும் கூட்டத்தைக் கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள். நள்ளிரவில் அங்காளம்மனுக்கு நடக்கும் ஊஞ்சல் உற்சவத்துக்குப் போகிறவர்கள் அவர்கள். வேண்டுதலுக்காகப் போகிறவர்கள் உண்டு, வழக்கமாகப் போகிறவர்கள் உண்டு. ஒரு கனவுக்காகப் போகிறவர்களும் உண்டு. அப்படி ஓர் ஆயா சில வருஷங்களுக்கு முன்னால் பேருந்தில் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். மடியில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் எலுமிச்சம்பழமும், மடிப்புக் கலையாத ஒரு புது வேட்டியும்.

"மூணு நாளா எங்க வூட்டுக்காரர் கனாவுல வர்றாரு தம்பி. உள்ள வரல. வாசப்படியிலயே நிக்கறாரு. கிழிஞ்ச வேட்டி. ஒண்ணும் பேசல."

அந்த வேட்டியைப் பற்றிக் கேட்டேன். அவர் காலமான வருஷம் பொங்கலுக்கு மகன் எடுத்துக் கொடுத்ததாம். அப்புறம் கட்டிக்கொள்கிறேன் என்று டிரங்குப் பெட்டியில் வைத்தவர், கட்டாமலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரு வருஷமாக அந்தப் பெட்டியைத் திறக்கவே ஆயாவுக்கு மனசு வரவில்லை. இப்போது திறந்து எடுத்துவிட்டார். மலையனூரில் கோயில் வாசலில் உட்கார்ந்திருக்கும் யாராவது ஒரு வயசானவருக்குக் கொடுக்கப் போகிறார். "கட்டிக்கட்டும். யார் கட்டினா என்னா."

கனவுக்குப் பொருள் காணும் முறை என்று நான் அறிந்தவற்றுள் இதைவிட நல்லது இல்லை. அவர் எந்தப் புத்தகத்தையும் புரட்டவில்லை. கனவில் தன்னை உறுத்திய ஒரே ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டார். அது தன் வாழ்க்கையில் எங்கே போய்த் தொடுகிறது என்று தேடினார். தேடிக் கண்டதும் கையால் ஒரு காரியம் செய்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, முதலில் மருமகளிடமும் பிறகு பக்கத்து வீட்டிலும், கடைசியில் முன்பின் தெரியாத என்னிடமும் அதைச் சொன்னார். இந்த அத்தியாயம் முழுவதும் அந்த ஆயா செய்ததை நீங்களும் செய்வதற்கான வழிதான்.

பாம்பு வந்தால் இன்ன பலன், பல் விழுந்தால் இன்ன பலன் என்ற பட்டியல் இங்கே கிடையாது. அப்படிப்பட்ட பட்டியல்களை எல்லோரும் கேட்டு வளர்ந்தவர்கள்தான். கனவில் செத்தால் ஆயுசு கெட்டி, கல்யாணக் கனா ஆகாது, பாம்பு கடித்தால் பீடை விட்டது என்று வீட்டுக்கு வீடு சொல்வார்கள். ஆனால் ராத்திரி மின்சாரம் வரும் நேரம் பார்த்து மணிலாக் கொல்லைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவருக்கு வரும் பாம்பும், புற்றுக்குப் பால் ஊற்றிக் கும்பிடும் குடும்பத்துப் பெண்ணுக்கு வரும் பாம்பும் ஒரே பாம்பு ஆகுமா? முன்னவருக்கு அது நேற்று வரப்பில் காலுக்குப் பக்கத்தில் ஓடியது. பின்னவருக்கு அது வீட்டுத் தெய்வம். இதைப் பழைய ஆட்களே அறிந்திருந்தார்கள். இன்றைய துருக்கி நாட்டுப் பகுதியில் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆர்ட்டெமிடோரஸ் கனவுப் பலனைப் பற்றி ஐந்து பாகங்களில் நூல் எழுதியவர். பலன் சொல்வதற்கு முன்னால் கனவு கண்டவர் யார், என்ன தொழில், எந்த ஊர் வழக்கத்தில் வளர்ந்தவர் என்று கேட்டறிய வேண்டும் என்பது அவர் வற்புறுத்திய விதி. பட்டியல் எழுதியவரே பட்டியலை நம்பிவிடாதே என்கிறார்.

நம்மிடம் பொன்னவன் இயற்றிய கனா நூல் இருக்கிறது. அதில் எனக்குப் பயன்பட்டது பலன்களைவிட நேரக் கணக்குதான். முதல் சாமத்துக் கனவு ஓராண்டில் பலிக்கும், இரண்டாம் சாமத்தது எட்டு மாதத்தில், மூன்றாம் சாமத்தது மூன்று மாதத்தில், விடியலை ஒட்டிய நாலாம் சாமத்தது பத்தே நாளில் என்று அது பகுக்கிறது. விடிகாலைக் கனா பலிக்கும் என்று வீட்டில் சொல்வதும் இதோடு ஒத்துப்போகிறது. 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இருவர், தூக்கத்தில் மூடிய இமைக்குள் கண் வேகமாக அசையும் கட்டங்கள் உண்டு என்று கண்டுபிடித்து வெளியிட்டார்கள். அந்தக் கட்டத்தில் எழுப்பப்பட்டவர்கள் பெரும்பாலும் கனவு கண்டதாகச் சொன்னார்கள். சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை அது வந்து போகிறது. இரவு ஏற ஏறக் கட்டம் நீள்கிறது, விடிகாலையில் மிக நீளம். கண் விழிக்கும் நேரத்துக்குப் பக்கத்தில் வருவதால் நினைவிலும் நிற்கிறது. அதனால் நாலாம் சாமத்துக் கனவுக்கு நம் முன்னோர் தனி மதிப்புக் கொடுத்ததில் கவனிப்பு இருக்கிறது. பத்து நாளில் பலிக்குமா என்று நாள் எண்ண வேண்டாம். பத்து நாளைக்கு அதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், அது போதும்.

பிடிப்பது எப்படி

கண் விழித்ததும் அசையாதீர்கள். எந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தீர்களோ அப்படியே இருங்கள். எழுந்து உட்கார்ந்தால் பாதி போய்விடும், செல்போனைத் தொட்டால் மீதியும் போய்விடும். கடைசியாகக் கண்ட ஒன்றை, ஒரு முகமோ ஒரு நிறமோ, பிடித்துக்கொண்டு அதற்கு முன் என்ன, அதற்கும் முன் என்ன என்று பின்னோக்கிப் போங்கள். பிறகு தலைமாட்டில் இருக்கும் நோட்டில் எழுதுங்கள். நாற்பது பக்க நோட்டு போதும்.

எப்படி எழுதுவது என்பதற்கு எங்கள் பக்கத்திலேயே ஓர் அழகான முன்மாதிரி இருக்கிறது. செஞ்சியை அடுத்த மேல்சித்தாமூர் தமிழ்ச் சமணர்களின் தலைமை மடம் இருக்கும் ஊர். ஒரு தீர்த்தங்கரர் கருவில் வரும் இரவில் அவருடைய தாய் பதினாறு கனவு காண்கிறாள் என்பது அவர்கள் மரபு. வெள்ளை யானை, காளை, சிங்கம், திருமகள், இரண்டு மாலை, நிலவு, சூரியன், இணைமீன், இரண்டு பூரண கும்பம், தாமரைக் குளம், கடல், சிங்காதனம், வானவர் விமானம், நாகர் மாளிகை, மணிக்குவியல், கடைசியாகப் புகையில்லாத நெருப்பு. பஞ்சகல்யாண விழாவில் கர்ப்ப கல்யாணத்தின்போது இந்தக் கனவுகளை இன்றும் நிகழ்த்திக் காட்டுகிறார்கள்.

இந்த வரிசையில் கதை கிடையாது என்பதைக் கவனியுங்கள். யானை வந்தது, பிறகு துரத்தியது, நான் ஓடினேன் என்பதெல்லாம் இல்லை. ஒவ்வொன்றும் தனித்தனியாக, துலக்கமாக நிற்கிறது. விடிந்ததும் தாயான அரசி ஒவ்வொன்றாகச் சொல்ல, அரசன் ஒவ்வொன்றாகக் கேட்கிறான். நம் கனவைக் கதையாகச் சொல்லும்போது, நம்மை அறியாமலே இடைவெளிகளை இட்டு நிரப்பிவிடுகிறோம். அதனால் முதலில் கதையாக எழுதாதீர்கள். கண்ட பொருள்களை மட்டும் வரிசையாக எழுதுங்கள். வாசப்படி. கிழிந்த வேட்டி. பேச்சு இல்லை. பிறகு பட்டியலைப் பார்த்து, எந்தப் பொருளைப் படிக்கும்போது நெஞ்சில் ஒரு சின்ன இழுப்பு வருகிறதோ அதன் கீழே கோடு போடுங்கள். பெரும்பாலும் அது கனவிலேயே மிக அற்பமான பொருளாக இருக்கும்.

யாரிடம் சொல்வது

கெட்ட கனாவை வெளியே சொல்லாதே என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். யாரிடமும் சொல்லாதே என்று எடுத்துக்கொள்ளாமல், கண்டவரிடமெல்லாம் சொல்லாதே என்று எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் நம் காப்பியங்களில் கனவு வரும் இடங்களில் எல்லாம் கூடவே ஒரு காது வருகிறது.

சிலப்பதிகாரத்தில் கண்ணகி தன் கனவைத் தோழி தேவந்தியிடம் சொல்கிறாள். கணவன் கைப்பிடித்துப் போய் ஒரு பெரிய ஊரில் நுழைகிறோம், அங்கே ஒரு பழி விழுகிறது, அவனுக்குத் தீங்கு, அந்த ஊருக்கும் அரசனுக்கும் தீங்கு. நல்லெண்ணத்தோடு தேவந்தி ஒரு பரிகாரம் சொல்கிறாள்: இரண்டு குளங்களில் நீராடிக் காமவேள் கோட்டத்தில் தொழுதால் கணவன் திரும்பி வருவான். அது தனக்குப் பெருமை ஆகாது என்று கண்ணகி மறுத்துவிடுகிறாள். இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் நான் நின்றுவிடுகிறேன். கனவை அவள் தள்ளவில்லை, பொய் என்று சொல்லவும் இல்லை. கேட்டவள் நீட்டிய பொருளை மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை. கனவு யாருடையதோ அவருக்குத்தான் அதன் பொருளை ஏற்கவும் மறுக்கவும் உரிமை. கேட்பவர் எத்தனை அன்பானவரானாலும் சரி, எத்தனை பெரிய சாமியாரானாலும் சரி.

சீவக சிந்தாமணியில் வேறு விதம். அசோக மரம் ஒன்று முறிந்து விழ, அதன் அடியிலிருந்து முடியும் எட்டு மாலையுமாக ஒரு முளை கிளம்புவதாக அரசி விசயை காண்கிறாள். கேட்பவன் கணவன் சச்சந்தன். முளை மகன், மாலைகள் அவன் மணக்கப்போகும் பெண்கள் என்று முதலில் நல்லதைச் சொல்கிறான். விழுந்த மரம் எது என்று அவள் விடாமல் கேட்ட பிறகுதான், அது தனக்கு வரும் கேடு என்பது வெளியே வருகிறது. அன்புள்ளவர்கள் மறைப்பார்கள். ஆகவே வீட்டில் யாரிடமாவது கனவைச் சொன்னால், அவர்கள் எதைத் தொடாமல் தாண்டிப் போகிறார்கள் என்று பாருங்கள்.

நல்ல கேட்பவருக்கு என் அளவுகோல் ஒன்றே. பலன் சொல்வதற்கு முன்னால் அவர் உங்களிடம் ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும். கேட்காமலேயே தோஷம், பரிகாரம், இவ்வளவு செலவாகும் என்று தொடங்குகிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

என் பாலம்

என் கனவு ஒன்றைச் சொல்கிறேன். செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை ஏறியவர்களுக்குத் தெரியும், உச்சிக் கோட்டைக்குச் சற்று முன்னால் பாறை பிளந்து ஆழமான ஒரு சந்து கிடக்கும். அதன் மேல் ஒரு சின்னப் பாலம். மேலே போக வேறு வழி இல்லை. அந்தப் பாலம் இல்லாத ராஜகிரி எனக்குக் கனவில் வந்துகொண்டே இருந்தது. விளிம்பில் நிற்கிறேன், காற்று அடிக்கிறது, அந்தப் பக்கம் வாசல் திறந்திருக்கிறது.

புத்தகப் பலன் எளிது: பாலம் இல்லாவிட்டால் காரியத் தடை. அப்போது வேலையில் எனக்குத் தடையும் இருந்தது, பொருத்தமாகவே பட்டது. ஒரு மாதம் அப்படியே நம்பினேன். கனவு மட்டும் நிற்கவில்லை.

பிறகுதான் பட்டியல் முறையில் எழுதிப் பார்த்தேன். காற்று. திறந்த வாசல். இடது மணிக்கட்டில் சில்லிப்பு. இந்தச் சில்லிப்பைக் கதையாகச் சொன்னபோதெல்லாம் நான் விட்டுவிட்டிருந்தேன். நண்பர் ஒருவரிடம் படித்துக் காட்டினேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "ஏன் இடது கை?"

சிறுவயதில் அப்பாவோடு அந்தப் பாலத்தைத் தாண்டும்போது அவர் என் இடது மணிக்கட்டைத்தான் பிடிப்பார். கையைப் பிடித்தால் வழுக்கும், மணிக்கட்டைப் பிடித்தால் வழுக்காது என்பார். கடைசி வருஷத்தில், முட்டி வலியோடு, இன்னொரு தடவை மேலே போய்ப் பார்க்கணும்டா என்று இரண்டு மூன்று முறை சொன்னார். வெயில் தணியட்டும் என்றேன். வெயில் தணிவதற்குள் அவர் போய்விட்டார்.

அந்த வருஷம் தை மாதம் ஒரு காலையில் தனியாக ஏறினேன். பாலத்தில் நின்று அவரிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். உச்சியிலிருந்து அவர் காட்டும் வரிசையிலேயே பார்த்தேன்: கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம், கீழே கல்யாண மகால், வயலுக்கு நடுவே வெங்கட்ரமணர் கோயில் கோபுரம். 2025இல் யுனெஸ்கோ இந்தக் கோட்டையை உலக பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்த செய்தி வந்தபோது அவர் இருந்திருந்தால் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பார். கனவு அதற்குப் பிறகும் ஒரு முறை வந்தது. விளிம்பு இருந்தது, பாலமும் இருந்தது.

இதை அப்பாவின் ஆவி என்று நம்புகிறவர்கள் உண்டு, மூளை தன் கணக்கைத் தீர்த்துக்கொண்டது என்பவர்களும் உண்டு. எதைச் சொன்னாலும் நான் செய்ய வேண்டியிருந்தது ஒன்றேதான், மலையேறுவது. உங்கள் கனவின் பொருளைத் தேடும்போது, எங்கிருந்து வந்தது என்ற வாதத்தில் தங்கிவிடாமல், என்ன செய்யச் சொல்கிறது என்பதை நோக்கி நகருங்கள்.

தூங்கும் பெருமாள்

எழுதியும் சொல்லியும் பிடிபடாத கனவை ஓர் இடத்துக்கு எடுத்துக்கொண்டு போகலாம். செஞ்சிக்காரர்களுக்கு நான் சொல்லும் இடம் சிங்கவரம். ஊரிலிருந்து நாலைந்து கிலோமீட்டர். குன்றின் மேல், பல்லவர் காலக் குடைவரையில், அந்தப் பாறையிலேயே வடித்த ரங்கநாதர் படுத்திருக்கிறார். உள்ளே போய்க் கண் பழகச் சற்று நேரம் ஆகும். முதலில் பாதம், அல்லது முகம், ஏதோ ஒன்றுதான் தெரியும். முழு உருவத்தை ஒரே பார்வையில் பார்க்க முடியாது, பகுதி பகுதியாகத்தான் கிடைக்கும். கனவும் அப்படித்தான் கிடைக்கிறது.

செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜன் 1714இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு போருக்குக் கிளம்பும் முன் இங்கே வந்து உத்தரவு கேட்டான், பெருமாள் போக வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார், அவன் போனான், மடிந்தான் என்பது ஊர்க்கதை. திரும்பியிருக்கும் முகத்தை இன்றும் காட்டுவார்கள். இருபத்திரண்டு வயசுப் பையன் அவன். கதை கேட்கிறவர்கள் அவன் தெய்வக்குறியை மீறினான் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. குறியைப் புரிந்துகொண்டு, விலை தெரிந்தே தன் வழியில் போனவனாகத்தான் தெரிகிறான், கண்ணகியைப் போல. குறி தெரிவதும் அதன்படி நடப்பதும் இரண்டு தனித்தனித் தீர்மானம்.

அங்கே போனால் வேண்டுதல் எதுவும் வைக்காமல், கோடு போட்ட அந்த ஒரு பொருளை மட்டும் மனசில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் உட்காருங்கள். உங்கள் இடம் மசூதியானாலும் மாதா கோயிலானாலும், வீட்டு மாடியேயானாலும் சரிதான். வழியில் திருநாதர் குன்றையும் பார்த்துவிட்டு வாருங்கள். 24 தீர்த்தங்கரர்கள் ஒரே பாறையில் வரிசையாக இருக்கிறார்கள், சந்திரநந்தி என்ற முனிவர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்ததைச் சொல்லும் பழைய கல்வெட்டும் அங்கே இருக்கிறது.

உத்தரவு வந்தால்

கனவில் தெய்வம் நேரே கட்டளையிட்டதாகத் தோன்றினால் என்ன செய்வது? காங்கேயத்துக்குப் பக்கத்தில் சிவன்மலை முருகன் கோயிலில் இதற்கு ஒரு முறையே இருக்கிறது. பக்தர் ஒருவர் கனவில் ஆண்டவன் வந்து ஒரு பொருளைச் சொல்லி வைக்கச் சொன்னதாகக் கோயிலில் வந்து சொல்வார். உடனே ஏற்க மாட்டார்கள். சாமி முன் பூப்போட்டுக் கேட்பார்கள். வெள்ளைப்பூ வந்தால்தான் அந்தப் பொருள் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி என்னும் கண்ணாடிப் பெட்டியில் ஏறும். அடுத்த ஒருவர் கனவில் அடுத்த பொருள் வரும்வரை அது அங்கேயே இருக்கும். மண், தண்ணீர், துப்பாக்கி என்று பலதும் இருந்திருக்கின்றன. தண்ணீர் வைத்த பிறகு சுனாமி வந்தது என்று பக்தர்கள் சொல்வார்கள். என் கருத்தில் பெட்டியைவிடப் பூக்கேட்பதுதான் பெரியது. தெய்வமே சொன்னாலும் ஒருவர் கனவை மட்டும் வைத்து ஊர் முடிவெடுப்பதில்லை.

அந்த நிதானம் வீட்டுக்கும் வேண்டும். கனவை வைத்து நிலம் விற்காதீர்கள், சம்பந்தத்தை முறிக்காதீர்கள், மருந்தை நிறுத்தாதீர்கள். யார் செய்வினை வைத்தது என்று கனவில் முகம் தெரிந்ததாகச் சொல்லி ஒருவர் மேல் பழி போடாதீர்கள். அடுத்தவர் பெயர் வரும் கனவுக்கு ஒரே விதி: அது அவரைப் பற்றியது அல்ல, உங்களைப் பற்றியது.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகள் தங்கியிருந்த கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அந்த ஊர்த் தர்காவுக்கு வந்து, கனவில் உத்தரவு கிடைத்தால் குணமாகி வீடு திரும்பலாம் என்ற நம்பிக்கையில் குடும்பங்கள் அங்கே பலரை விட்டுவைத்திருந்த காலம் அது. நம்பிக்கையைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கனவுக்காகக் காத்திருக்கக் கூடாத வேளைகள் உண்டு என்பதற்காக எழுதுகிறேன். ஒரே கெட்ட கனவு வாரக்கணக்கில் திரும்பி வந்து தூக்கமே பயமாகிவிட்டால், பட்டப்பகலிலும் குரல் கேட்டால், செத்துப்போ என்று ஏதோ ஒன்று சொல்வதாகத் தோன்றினால், அல்லது தூக்கத்தில் கை காலை வீசிப் பக்கத்தில் படுப்பவரை அடித்துவிடும் பழக்கம் புதிதாக வந்தால், நோட்டை மூடிவிட்டு மருத்துவரிடம் போங்கள். எங்கள் மாவட்டத்தில் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. எந்த ஊரானாலும் 14416 என்ற எண்ணில் அரசின் டெலிமானஸ் மனநல உதவி கிடைக்கும், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். மலையனூருக்கும் போகலாம், மாத்திரையையும் போட்டுக்கொள்ளலாம். அம்மா கோபித்துக்கொள்ள மாட்டாள்.

நோட்டைப் பற்றி இன்னும் ஒன்று பாக்கி. மாதம் ஒரு முறை, அமாவாசை அன்று என்று வைத்துக்கொண்டால் மறக்காது, பழைய பக்கங்களைப் புரட்டிப் படியுங்கள். கோடு போட்ட பொருள்களை மட்டும் படித்தால் போதும். ஒரே பொருள் மூன்று இடத்தில் வந்திருந்தால் அதைப் பற்றி, கனவைக் கேட்கும் உங்கள் ஆளிடம் பேசுங்கள். கனவே வராத காலைகள் நிறைய இருக்கும். அந்தக் காலைகளிலும் நோட்டை எடுத்துத் தேதியை மட்டும் எழுதி, ஒரு வரி இடம் விட்டுவிடுங்கள். சில சமயம் பல் தேய்க்கும்போதோ, மத்தியானம் பேருந்தில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கும்போதோ மறந்த கனவு திரும்பி வரும். எழுத இடம் இருக்கட்டும்.